கோழிக்காரர் வரைந்த பூங்கா

இருபத்தேழாயிரத்து ஐநூறு ரூபாய். நித்யஸ்ரீ படுத்திருந்த இடத்துக்கு அன்றைக்கு அதுதான் விலை. எட்டு ஏக்கரையும் சென்ட் ஒரு லட்சத்துப் பத்தாயிரம் என்று ஒரே விலையாகப் பேசி முடித்தார்கள். பதினோரு வயதுப் பெண்ணுக்குக் கால் சென்ட் தாராளம். மிச்ச நிலத்தில் வேலிமுள்ளும் காலிக் கோழிக் கொட்டகைகளும்தான் இருந்தன. இருந்தாலும் அந்தக் கால் சென்ட்டைத் தனியாக விலை பேசவும் கூடாது, அதைப் பற்றி வாயைத் திறக்கவும் கூடாது என்று என்னிடம் கேட்டுக்கொண்டவர் அந்தப் பெண்ணைப் பெற்ற அப்பா.

பேரம் நடந்தது என் கடையின் பின்கட்டில். நான் சேவியர்ராஜ், சேலம் செவ்வாய்ப்பேட்டையில் இரும்பும் பைப்பும் டைல்ஸும் விற்கிறேன். என் அப்பா ஜவ்வரிசி மண்டி வைத்திருந்தவர். ஆத்தூர்க்காரர்கள் மூட்டைக்கு எட்டணா குறைக்க மூன்று மணி நேரம் மல்லுக்கட்டுவார்கள். அந்தச் சத்தம் கேட்டால்தான் சின்ன வயதில் எனக்குத் தூக்கமே வரும். நிலத்தை வாங்க வந்தவர் ஜெகதீஸ்வரன், நாமக்கல்லில் மனை பிரித்து விற்கிறவர். விற்க வந்தவர் கந்தப்பண்ணன். இரண்டு பேரையும் சேர்த்துவைத்ததற்கு எனக்கு ஒரு சதவீதம். அதை இப்போதே சொல்லிவிடுகிறேன். பிற்பாடு யாரும் கண்டுபிடித்ததாகப் பெருமைப்பட வேண்டாம்.

கந்தப்பண்ணனுக்கு மல்லசமுத்திரத்துக்கு மேற்கே பண்ணை. நல்ல காலத்தில் ஒன்றரை லட்சம் முட்டைக்கோழி, முப்பது எருமை, நான்கு லாரி. கொட்டகைக்கு வேண்டிய கம்பிவலையும் தகரமும் என் கடையில்தான் எடுப்பார். தீவன விலையும் முட்டை விலையும் ஒன்றையொன்று முறைத்துக்கொண்டிருந்த ஒரு வருஷத்தில் கோழிகளை மொத்தமாகத் தள்ளிவிட்டு, ஐம்பத்தெட்டு வயதில் வீடு வரைய உட்கார்ந்தார். படிப்பு எட்டாம் வகுப்பு.

அதற்குக் காரணம் ஒரு சேலத்து டாக்டர். பண்ணை வீடு கட்ட இடம் பார்க்க வந்தவர், சித்திரை வெயிலுக்கு ஒதுங்கிக் கோழிக் கொட்டகைக்குள் நின்றார். வெளியே அனல், உள்ளே மட்டும் எப்படி இப்படிக் காற்று வருகிறது என்று அவருக்கு ஆச்சரியம்.

“சூடு தாங்காட்டி கோழி செத்துப் போயிருமுங்க. மனுசன் சாகமாட்டான். அதனால எஞ்சினியருங்க தப்பிச்சுக்கறாங்க” என்றார் அண்ணன்.

டாக்டர் அங்கேயே அட்வான்ஸ் கொடுத்துவிட்டார்.

அண்ணன் வேலை செய்யும் விதமே தனி. சட்டைப் பையில் ஒரு தீப்பெட்டி, அதற்குள் கோழியின் பூஞ்சிறகுகள். காலி மனையில் நின்று ஒரு சிறகைக் காற்றில் விடுவார். அது போகும் பக்கம் பின்னாலேயே நடப்பார். காலை ஒரு தடவை, உச்சியில் ஒரு தடவை, மாலை ஒரு தடவை. மூன்றாம் நாள் சுண்ணாம்புப் பொடியால் தரையில் கோடு போட்டுவிடுவார். வீடு கிழக்கு மேற்காக நீளும். மேற்குச் சுவரில் ஜன்னல் இருக்காது. கூரை முகட்டில் சூடு வெளியேற வாய் இருக்கும். மொத்தத்தில் கோழிக் கொட்டகைதான், குளியலறை மட்டும் கூடுதல். சேலத்தில் அறிவுமதி என்ற எஞ்சினியர் பெண் அந்தக் கோடுகளைக் கம்ப்யூட்டரில் ஏற்றிக் கையெழுத்துப் போட்டுக் கொடுப்பாள். அவர் விசிட்டிங் கார்டில் ‘எஸ்டேட் ஆர்க்கிடெக்ட்’ என்று அடிக்கப் போனபோது தடுத்தவளும் அவள்தான்.

“பட்டம் இல்லாம அதைப் போட்டா கேஸ் போடுவாங்க அங்கிள். ‘எஸ்டேட் வடிவமைப்பு’ன்னு போட்டுக்கங்க.”

“பேரு என்னவானா என்ன சாமி, ஃபேன் போடாம தூங்கோணும், அவ்வளவுதான்.”

பெங்களூர்க்காரர்கள்கூடத் தேடிக்கொண்டு வந்தார்கள். ஐந்து வருஷத்தில் பன்னிரண்டு வீடு. அப்புறம்தான் அந்த ஆசை பிடித்தது. “அடுத்தவன் காட்டுல ஒவ்வொண்ணா கட்டிட்டு இருந்தா எப்ப முடியும் சேவியரு? நம்ம காட்டுல ஒரு ஊரே வரைஞ்சு பாக்கோணும். ஒரு ஊட்டுக் காத்த இன்னொரு ஊடு மறைக்கக் கூடாது.” ஒரு ஊரைக் கட்டும் அளவுக்கு அவரிடம் பணம் இல்லை. ஜெகதீஸ்வரனிடம் இருந்தது. நிலத்தை வாங்கிக்கொண்டு, வரைகிற வேலையை அண்ணனுக்கே தருவதாக அவர் ஒப்புக்கொண்டார்.

அந்த நிலத்தில் ஒரு மேடு உண்டு. எட்டு ஏக்கரிலும் உயரமான இடம். 2011 ஐப்பசியில் டெங்குக் காய்ச்சல் மூன்றே நாளில் நித்யஸ்ரீயைக் கொண்டுபோனபோது, கல்யாணமாகாத பிள்ளையை எரிப்பதில்லை என்று அங்கேதான் வைத்தார்கள். மேலே சின்ன மேடை கட்டி வெள்ளை டைல்ஸ் பதித்தார்கள். டைல்ஸ் என் கடையில் எடுத்தது. பணம் வாங்க எனக்குக் கை வரவில்லை. அவள் அம்மா பாவாயி அக்காவுக்கு அவள் அதன்பிறகு வீட்டுக் கன்னி தெய்வம். ஆடி பதினெட்டுக்குப் புதுத் துணியும் வளையலும் வைத்துப் பொங்கலிடுவார். துணி ஒவ்வொரு வருஷமும் அந்த வருஷத்து வயதுக்கான அளவில் இருக்கும். நான் விற்பனைப் பேச்சைத் தொடங்கிய வருஷம் பாவாடை தாவணி.

ஜெகதீஸ்வரன் வருவதற்கு அரை மணி முன்னால் நான் அண்ணனிடம் கேட்டேன், “அந்த மேட்டைப் பத்திச் சொல்லிடலாமாண்ணா? கொஞ்சம் விலை குறைப்பாரு, அவ்வளவுதானே?”

“கொறைக்க மாட்டான் சேவியரு. எந்திரிச்சுப் போயிருவான். சமாதி இருக்குதுன்னு தெரிஞ்சா எவன் குடும்பத்தோட குடி வருவான்?”

“இடத்தைப் பார்க்க வந்தா தெரியுமே.”

“தெரியாது. டைல்ஸப் பேத்து எடுத்துட்டேன். மேடையையும் தட்டி உட்டுட்டேன். ஒரு நந்தியாவட்டை மட்டும் வெச்சிருக்கறேன்.”

எங்களுக்குக் கல்லறைத் தோட்டம் பங்குக் கோயிலுக்குச் சொந்தம். என் தாத்தாவை நான் நினைத்தாலும் விற்க முடியாது. ஆனால் அண்ணன் அடுத்துச் சொன்னதைக் கேட்டதும், வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்குள் இருந்த வியாபாரி எழுந்து நின்று கைதட்டினான். மனை பிரித்தால் பத்தில் ஒரு பங்கைப் பூங்காவுக்கு விட வேண்டும். அதை ஊராட்சிக்குத் தானமாக எழுதிக் கொடுக்க வேண்டும். அதன்பிறகு அங்கே யாரும் வீடு கட்ட முடியாது, விற்க முடியாது. பூங்காவை மேட்டின் மேல் வரைந்துவிடுவது அவர் திட்டம்.

“நம்மகிட்ட இருந்தா நம்ம காலத்தோட சரி. நாள பின்ன எவனாச்சும் வித்துருவான். பார்க்குன்னு எழுதிட்டா கவருமெண்ட்டே காவல் காக்கும். தெனமும் பூச்செடிக்குத் தண்ணி வேற உடுவாங்க.”

பாவாயி அக்காவிடமும் இதையேதான் சொல்லியிருக்கிறார். அக்கா கேட்டது ஒரே கேள்வி. “ஆடிக்கு உள்ள உடுவாங்களா?”

“வரையறதே நானு. என்னைய ஆரு தடுக்கறது?”

விற்கிறவன் குறையைச் சொல்வது வழக்கமில்லை. வாங்குகிறவன்தான் கண்டுபிடிக்க வேண்டும். சீக்குக் கோழியைக் கூண்டின் அடித்தட்டில் வைத்து அண்ணன் கற்றதும், பழுப்பு ஜவ்வரிசியை மூட்டையின் நடுவில் வைத்து நாங்கள் கற்றதும் ஒரே பாடம். ஜெகதீஸ்வரன் வந்தார், டீ குடித்தார், மூன்று தடவை எழுந்து போவது போல நடித்தார், நான்காவது தடவை கை கொடுத்தார்.

கிரயப் பத்திரத்தில் வழக்கமான ஒரு வரி உண்டு: ‘மேற்படி சொத்தில் கோயில், சமாதி, பொதுப்பாதை, வேறு வில்லங்கம் எதுவும் இல்லை என்று உறுதியளிக்கிறேன்.’ அண்ணன் கையெழுத்துப் போட்டார். சாட்சி இடத்தில் பாவாயி அக்கா எழுத்துக் கூட்டித் தன் பெயரை எழுதினார். படித்துக் காட்ட யாருக்கும் தோன்றவில்லை. எனக்குத் தோன்றியது. நான் படித்துக் காட்டவில்லை.

எஸ்டேட் அழகாகவே வந்தது. முப்பத்தாறு வீடுகள், ஒன்றின் காற்றை இன்னொன்று மறைக்காமல். முதல் வீட்டில் அண்ணனும் அக்காவும் குடியேறினார்கள். சம்பளத்துக்குப் பதிலாக ஜெகதீஸ்வரன் கொடுத்த வீடு. ஐந்து சென்ட், சுற்றிலும் சிமெண்ட் கல் பதித்தது. பூங்காவுக்குப் புல் போடுவதற்காக மேட்டின் தலையைப் புல்டோசர் ஒரு அடி சீவியது. நந்தியாவட்டை அதோடு போயிற்று. அண்ணன் கவலைப்படவில்லை. கிணற்றுச் சுவரின் வடமூலையிலிருந்து அறுபத்திரண்டு அடி, பெரிய வேம்பிலிருந்து நாற்பத்தொன்று; இரண்டு அளவும் சேருமிடம் என்று மனதில் வைத்திருந்தார். வரைபடத்தில் குறித்தால் அது என்ன புள்ளி என்று அறிவுமதி கேட்பாள். பிறகு அவரே பதின்மூன்றாம் மனைக்காகக் கிணற்றை மூடச் சொன்னார். தெற்கு வீதி வளையும் இடத்தில் வேம்பை வெட்டச் சொன்னார். இரண்டும் வேறு வேறு மாதம். வீடு வரையும் சந்தோஷத்தில் இருக்கிறவனுக்குக் கிணறு கிணறாகத் தெரிவதில்லை, இடைஞ்சலாகத் தெரிகிறது.

முதல் நான்கு ஆடிக்கு அக்கா புல்தரையின் நடுவில் உத்தேசமாக ஓர் இடத்தில் சேலையை வைத்துக் கும்பிட்டுவிட்டு வந்தார். நடைப்பயிற்சிக்கு வந்த பெங்களூர்ப் பெண் ஒருத்தி, “பிக்னிக்கா ஆன்ட்டி?” என்று கேட்டதாக அண்ணன் சிரித்துக்கொண்டே சொன்னார். அவர் சிரித்ததில் எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஐந்தாவது வருஷம் குடிநீர்த் திட்டத்தில் மேல்நிலைத் தொட்டிக்குப் பணம் வந்தது. ஊராட்சித் தலைவர் அங்காளம்மாள், அண்ணனுக்குத் தூரத்து உறவு. எஸ்டேட் வரைபடத்தைச் சுருட்டி எடுத்துக்கொண்டு அவளே வீட்டுக்கு வந்தாள். அன்றைக்கு வாஷ்பேசின் மாற்றிக் கொடுக்க நானும் போயிருந்தேன்.

“மாமா, எடம் பாத்தாச்சு. உங்க பார்க்கு மேட்டுலதான். உங்க எஸ்டேட்டுக்கும் சேத்து அஞ்சு ஊருக்குத் தண்ணி.”

அண்ணன் டம்ளரைக் கீழே வைத்தார். “அங்க வேண்டாம் அம்மணி. கெழக்கு மூலையில வெச்சுக்க.”

“கெழக்கு மூல பள்ளமுங்க மாமா. தண்ணி எப்படி மேல ஏறும்?”

“மோட்டார் வெச்சா ஏறும்.”

“மோட்டாருக்குக் கரண்ட் பில்லு நீங்க கட்டறீங்களா? இங்க பாருங்க.” வரைபடத்தை விரித்தாள். “மழத்தண்ணி எந்தப் பக்கம் ஓடோணும்னு நீங்களே அம்புக்குறி போட்டிருக்கறீங்க. எல்லா அம்பும் மேட்டுல இருந்துதான் பொறப்படுது. எஞ்சினியரு பாத்துட்டு, வரைஞ்சவரு பெரிய மூளைக்காரருன்னு பாராட்டறாரு.”

அண்ணன் அந்த அம்புகளைப் பார்த்துக்கொண்டே இருந்தார். முற்றத்தில் அக்கா துணி உலர்த்திக்கொண்டிருந்தார். கை மட்டும் நின்றுவிட்டது.

“எதுக்கு மாமா வேண்டாங்கறீங்க? காரணத்தச் சொல்லுங்க, நான் மேல பேசறேன்.”

காரணம் அவர் தொண்டை வரைக்கும் வந்ததை நான் பார்த்தேன். சொன்னால் சாயங்காலத்துக்குள் முப்பத்தாறு வீட்டுக்கும் தெரியும். “பார்க்கு அழகு கெட்டுப் போயிரும்” என்றார்.

“அழகப் பாத்தா தாகம் தீருமா?” என்று சிரித்துவிட்டு அவள் போய்விட்டாள்.

மறுநாள் நான் ஒரு யோசனை சொன்னேன். அங்கே கன்னிமார் சாமி இருக்கிறது, பரம்பரையாகக் கும்பிடுகிறோம் என்று சொல்லிவிடலாம். சாமி இருக்கும் இடத்தில் யாரும் கை வைக்க மாட்டார்கள். அது பொய்யும் இல்லை. அண்ணன் முகத்தில் அப்போதுதான் திரும்ப ரத்தம் ஓடியது. அங்காளம்மாளிடம் போனோம். அவள் பொறுமையாகக் கேட்டுவிட்டு, தானப் பத்திரத்தோடு தைத்திருந்த தாய்ப்பத்திர நகலைப் புரட்டி விரலை வைத்தாள்.

“கோயில் இல்லன்னு நீங்களே எழுதிக் குடுத்திருக்கறீங்க. அத்தையும் சாட்சி போட்டிருக்கறாங்க. இப்ப சாமி எங்கிருந்து மாமா வந்துச்சு, வாடகைக்கா?”

கடைசியில் ஜெகதீஸ்வரனிடமே உண்மையைச் சொல்வது என்று முடிவானது. அவருக்கு எல்லா இடத்திலும் ஆள் உண்டு. நாமக்கல் ஆபீஸில் ஏசி போட்டு உட்கார்ந்திருந்தார். அண்ணன் எதையும் சுற்றி வளைக்கவில்லை.

“மேட்டுல என்ற பொண்ணு இருக்கறா ஜெகதீசு.”

ஜெகதீஸ்வரன் முதலில் கதவைச் சாத்தினார். நல்ல மனிதர்தான், கண்கூட லேசாகக் கலங்கியது. பிறகு சொன்னார்: “அண்ணா, நீங்க எங்கிட்டச் சொல்லுல. நானும் கேக்குல. இப்பவும் நீங்க சொல்லுல, நானும் கேக்குல. அப்படியே உட்டுருங்க.”

“தொட்டிய மட்டும் தள்ளி வெக்கச் சொல்லு. எவ்வளவு ஆனாலும் தாரேன்.”

“தள்ளி வெக்கக் காரணம் சொல்லோணுமுங்கண்ணா. சொன்னா ஊடு வாங்குன அத்தன பேரும் கோர்ட்டுக்குப் போவாங்க. எம்மேல இல்ல. பத்திரத்துல கையெழுத்துப் போட்டது நீங்களும் அக்காளும். பதினேழாம் நெம்பரு ஊட்டுல மருமக மாசமா இருக்குது, அந்தப் பொண்ணு பயந்து ஓடுனா ஆரு பதில் சொல்றது?” என்னைப் பார்த்தார். “சேவியரண்ணனுக்குத் தெரியுமா இது?”

நான் கமிஷன் வாங்கின கையை மேஜைக்குக் கீழே வைத்துக்கொண்டு, தெரியும் என்றேன்.

“அப்பறம் என்ன, எல்லாரும் சேந்துதான் வித்திருக்கறோம்” என்றார் அவர்.

திரும்பி வந்தபோது பாவாயி அக்கா வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். கணவரிடம் எதுவும் கேட்கவில்லை. என்னிடம் கேட்டார்: “ஏனுங் தம்பி, உங்க சனத்துல கல்லறைய எடுத்து வேற எடத்துல வெப்பாங்களாமா?”

“வைப்பாங்கக்கா. எலும்பை எடுத்துப் பெட்டியில போட்டு, சாமியார் மந்திரிச்சு வேற இடத்துல வைப்பாங்க.”

“அப்படின்னா நம்முளும் எடுத்துக்கலாம். ஒரு மண்கலசத்துல போட்டு எஞ்சாமிய என்ற பீரோவுல வெச்சுக்கறேன்.”

எடுக்க இடம் தெரிய வேண்டும். மண் பரிசோதனை என்று சொல்லிவிட்டு மறுநாள் காலை எட்டு மணிக்கே அண்ணன் புல்தரையில் இறங்கினார். கையில் டேப். கிணறு இருந்த இடத்தில் இப்போது யாரோ ஒருவரின் கார் நின்றது. காரின் பின்சக்கரத்திலிருந்து அறுபத்திரண்டு அடி பிடித்தார். வேம்பு இருந்த இடம் வீதியின் வளைவில் எங்கோ. அங்கே நான் டேப்பின் முனையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். “கொஞ்சம் எடக்கைப் பக்கம் போங்க சேவியரு. இன்னுங் கொஞ்சம்.” நான் போனேன். நான் இரண்டடி நகர்ந்தால் அவர் மகள் இரண்டடி நகர்ந்தாள். மூன்று குழி வெட்டினார். மூன்றிலும் சரளைக்கல்லும் செம்மண்ணும்தான். ஊருக்கே காற்றுக்கு வழி கண்டுபிடித்துக் கொடுத்தவர் நாலாவது குழியின் விளிம்பில் உட்கார்ந்துவிட்டார். “ஒரு கல்லாச்சும் உட்டு வெச்சிருக்கலாம்” என்றார்.

நடக்க வந்தவர்கள் நின்று விசாரித்தார்கள். “டெஸ்டிங்கா சார்? தண்ணி டேங்க் ஸ்ட்ராங்கா இருக்கணும் சார்” என்று ஒருவர் முதுகில் தட்டிக்கொடுத்தார்.

செவ்வாய்க்கிழமை ஜேசிபி வந்தது. டிரைவர் வீரன் என்ற இளவட்டம். அண்ணன் குடையைப் பிடித்துக்கொண்டு குழியின் ஓரத்தில் நின்றார். எதிர் ஓரத்தில் அக்கா, மடியில் ஒரு புதுக் கலசம். ஒவ்வொரு வாளி மண் மேலே வரும்போதும் அண்ணன் கையைக் காட்டி நிறுத்துவார், மண்ணைக் காலால் கிளறிப் பார்ப்பார், போகச் சொல்வார்.

“அண்ணா, பொதையலு கிதையலு இருக்குதுங்களா? பாதி பாதி எடுத்துக்கலாமுங்க” என்றான் வீரன்.

“இல்ல சாமி. மெதுவா எடு.”

“இப்படி எடுத்தா பொங்கலுக்குத்தாண்ணா முடியும். மணிக்கு வாடகை ஓடுது, எஞ்சினியரு கத்துவாரு.”

“வாடக நான் தாரேன். மெதுவா எடு.”

பதினொரு மணிக்கு ஊராட்சி எஞ்சினியர் வந்து சத்தம் போட்டார். அதன்பிறகு வாளி நிற்கவில்லை. குழி மூட வேண்டியது ஓரத்தில் குவிந்தது; மிச்ச மண் நேராக டிப்பரில் விழுந்தது. டிப்பர் நிறைந்ததும் தார்பாயை இழுத்துவிட்டு வெளியே போயிற்று. அடுத்தது வந்து நின்றது. அண்ணன் குழியைப் பார்ப்பதா லாரியைப் பார்ப்பதா என்று தெரியாமல் இரண்டுக்கும் நடுவில் நின்றார். எலும்பில்லை, துணியில்லை, ஒன்றும் கண்ணில் படவில்லை. மூன்று மணிக்கு எல்லாம் முடிந்துவிட்டது. அக்கா கலசத்தைக் கவிழ்த்துப் பிடித்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தார்.

ஒன்பது நாள் கழித்து அண்ணன் என் கடைக்கு வந்தார். வாடிக்கையாளர்கள் போகும்வரை ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். வீரனைப் பிடித்து, டிப்பர்க்காரர்களைப் பிடித்து, மண் போன ஒவ்வொரு இடத்துக்கும் பைக்கில் போய்ப் பார்த்துவிட்டு வந்திருந்தார். எஸ்டேட்டில் ஒரு வீட்டின் பின்புறப் பள்ளத்துக்குப் போன மண்ணின்மேல் தளம் போட்டாயிற்று. ஒரு கல்யாண மண்டபத்துக்குப் போனதில் ரோலர் ஓட்டிவிட்டார்கள். பள்ளிக்கூட மைதானத்துக்குப் போனதில் பிள்ளைகள் கபடி விளையாடுகிறார்கள். திரும்ப வாங்கலாம் என்றால், வாங்கிக் கொட்ட அவருக்கு மண்தரை கிடையாது.

பையிலிருந்து ஒரு தாளை எடுத்து மேஜைமேல் வைத்தார். “கொஞ்சம் கூட்டிப் பாருங்க சேவியரு. எனக்கு எத்தன தடவ போட்டாலும் கணக்கு ஒதைக்குது.”

நான் இரண்டு தடவை கூட்டினேன். அவர் போட்டிருந்தது சரிதான்.

குழி இருபதுக்கு இருபது, ஆழம் எட்டு அடி.
பறித்த மண், உதிர்ந்து பொங்கியதும் சேர்த்து, நாற்பது யூனிட் (யூனிட் நூறு கன அடி).
தூண் நிறுத்திக் குழி மூடியது பதினாறு.
முப்பத்தொன்றாம் மனைப் பள்ளத்துக்கு ஒன்பது.
திருச்செங்கோட்டு ரோட்டுக் கல்யாண மண்டபத்துக்கு ஆறு.
பள்ளிக்கூட மைதானத்துக்கு ஆறு.
ஆக முப்பத்தேழு.
போன இடம் தெரியாதது மூன்று.